டோலிக்குக் காட்டிய கற்பூரம்

எங்கள் ஊரில் தங்க ரேக்கு ஒட்டிய எதையும் கும்பிட்டுவிடுவார்கள். பல வருஷம் இதை நான் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னால் வயிறு எரிகிறது.

நான் கள்ளக்குறிச்சியில் தஞ்சாவூர்ப் படம் போடுகிறவள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்து நகைகளையும் தூண்களையும் புடைப்பாக எழுப்பி, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்து, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் திறக்கிற வேலை. புதுமனைக்கு ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன், நகைக்கடைக்கு ஒரு கஜலட்சுமி, பெண்ணின் சீர்வரிசையில் வைக்க ஒரு பட்டாபிஷேகம். மூங்கில்துறைப்பட்டிலிருந்து நைனார்பாளையம் வரை எத்தனையோ வீட்டுப் பூஜை அறையில் என் கிருஷ்ணன் வெண்ணெய் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரே குழந்தையின் கன்னத்தையே வருஷக்கணக்கில் உப்ப வைத்துக்கொண்டிருந்தால் கை மரத்துப்போகும்.

ஒருநாள் பட்டா நகல் வாங்க அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அது போதும். போய்ப் பார்த்தால் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். கேட்டுக்கு முன்னால் தார் ரோட்டில் மலை ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரிலிருந்து விடியற்காலையிலேயே நடந்து இறங்கி, பஸ் பிடித்து வந்தவர்கள். கோஷம்கூட அதிகம் போடவில்லை. கேட்டுக்குக் குறுக்கே ஒரு டோலியை வைத்திருந்தார்கள். நீளமான மூங்கில் கழி, அதில் தொட்டில் மாதிரி முடிச்சுப் போட்ட கோடு போட்ட போர்வை. உள்ளே யாரும் இல்லை.

எதிரே டீக்கடையில் நின்று விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஊருக்குப் போகிற வழியில் ஓர் ஓடை குறுக்கே வருகிறது. பாலம் கிடையாது. மழைக்காலத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் எந்த வண்டியும் போகாது. பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை இந்த டோலியில்தான் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். ஓடையில் வெள்ளம். அக்கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. இக்கரையில் அவளும் வயிற்றில் இருந்த பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

திருக்கோவிலூரில் உலகத்தையே ஓரடியால் அளந்த பெருமாள் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அதே மாவட்டத்தில் ஓர் ஓடையின் அகலத்தை அளக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. ஒரு துறையைக் கேட்டால் இன்னொரு துறையைக் கைகாட்டியது, அந்தத் துறை மறுபடி முதல் துறையையே காட்டியது. டீயைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். குடிக்கத் தோன்றவில்லை.

கேட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள், லத்தியைத் தரையில் ஊன்றிக்கொண்டு. இன்ஸ்பெக்டர் ஒற்றை விரலைத் தூக்கி எச்சரித்துக்கொண்டிருந்தார். அந்த விரலை நான் எத்தனை தடவை வரைந்திருக்கிறேன். சந்நிதி வாசலில் துவாரபாலகர் இதே மாதிரிதான் ஒரு விரலைக் காட்டி, கதாயுதத்தை ஊன்றி, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பது சாமி, ஒழுங்காக வா என்று அந்த விரலுக்கு அர்த்தம். இங்கே உள்ளே யார் இருந்தார்கள்? ஏசி ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் வெளியே கேட்டது.

ஒரு போலீஸ்காரர் டோலியை அப்புறப்படுத்தக் குனிந்தார். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"தொடாதீங்க."

அவர் நின்றுவிட்டார். இறந்துபோனவளின் அம்மா அவள்தான் என்று டீக்கடைக்காரர் சொன்னார். மூங்கில் கழியில் ஒரு கை, காற்றில் ஒரு கை. அந்த நொடி எனக்குப் படமாகவே தெரிந்துவிட்டது.

மத்தியானம் எல்லாரையும் வேனில் ஏற்றி, வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். போராட வந்தவர்களை எங்கள் பக்கம் அடைத்து வைப்பது கல்யாண மண்டபத்தில்தான். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. உள்ளே மேடையில் மணமக்கள் நாற்காலி அப்படியே இருக்க, கீழே சமுக்காளத்தில் மலை ஜனங்கள் பொட்டலத்துப் புளிசாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு இருந்தவரிடம் சொந்தக்காரி என்று பொய் சொல்லி உள்ளே போனேன்.

"பேப்பர்ல இருந்து வர்றீங்களாக்கா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. படம் போடறவ. சாமி படம்."

"எங்களுக்கு இன்னாத்துக்குக்கா சாமி படம்?"

"உங்களத்தான் போடலாம்னு வந்தேன். கேட்டாண்ட இன்னிக்கு நடந்தத. அந்தப் பழைய மொறையிலயே, தங்கம் கிங்கம் வெச்சு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். பக்கத்தில் அவளுடைய சின்ன மகள், கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போடுங்க," என்றாள் அம்மா. "ஆனா எம் பெரிய பொண்ண தூங்கற மாதிரி மட்டும் போட்டுடாதீங்க. அவ தூங்கல. கத்திக்கினேதான் வந்தா. அந்தாண்ட ஆம்புலன்ஸ் லைட்டு தெரியுது, இந்தாண்ட இவ கத்திக்கினு கெடக்கறா. அது தெரியணும்."

"போட்டோ எதுனா இருக்குதா?"

"ஆதாரு கார்டுதான் இருக்கு. அதுல அவளே அவள மாதிரி இல்ல." பிறகு சின்ன மகளின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். "இதான் அவ மூஞ்சி. இவள வெச்சிப் போடுங்க."

இப்படித்தான் அந்தச் சின்னப் பெண் சில தடவை பஸ் ஏறி வந்து என் வேலையறையில் உட்கார்ந்தாள். பேசவே மாட்டாள். வாயைத் திற என்றால் திறப்பாள். அக்கா எப்படிக் கத்தினாள் என்று கேட்க எனக்கு நா எழவில்லை, ஆனால் கேட்காமல் எப்படி வரைவது? எங்கள் முறையில் வாய் திறந்த முகம் அசுரனுக்கும் காளிக்கும் மட்டும்தான். மற்ற எல்லாரும் மென்மையாகச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அம்பு பட்டாலும் சிரிப்பு, ஆற்றில் விழுந்தாலும் சிரிப்பு. வலிக்கிற மனுஷிக்கு எங்கள் முறையில் ஒரு வாயே கிடையாது. அது தெரிந்த அன்றைக்கு, கற்றுக்கொண்ட வித்தை மேலேயே எனக்குக் கோபம் வந்தது. தீட்டினேன், சுரண்டினேன், மறுபடி தீட்டினேன். கடைசியில் அந்தப் பெண்ணே ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் கத்திக் காட்டினாள். அதைப் பார்த்து வரைந்தேன்.

மற்றதெல்லாம் முறைப்படி. நடுவில் வளைவும் திரையும் தொங்குகிற மண்டபம், அதுதான் அலுவலக கேட். அதன் கீழே டோலி, டோலிக்குள் வாய் திறந்த பெண். கழியின் ஒரு முனையில் கையைத் தூக்கிய அம்மா. இரண்டு பக்கமும் துவாரபாலகர்களாகப் போலீஸ்காரர்கள், விரலும் லத்தியும் உருட்டு விழியுமாக. கீழே வரிசையாக மலை ஜனங்கள். தங்கத்தை எங்கே வைப்பது என்று மட்டும் நானே முடிவு செய்தேன். கேட்டுக்கு வைத்தேன். ஜீப்புக்கு வைத்தேன். பெல்ட்டுக்கும் பித்தானுக்கும் வைத்தேன். மலை ஜனங்கள் மேல் ஒரு பொட்டுத் தங்கம்கூட வைக்கவில்லை. டோலிப் போர்வையின் கோடுகளை வெறும் நீலத்திலும் காவியிலும் தீட்டினேன். பார்க்கிறவனுக்கு உறைக்கட்டும் என்றுதான்.

படம் வாங்க வந்த ஒரு பழைய வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் இந்த மொறையில போடலாமாங்க? அபச்சாரம் இல்லையா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கோயில் விதானங்களில் ராஜா இருக்கிறான், அவன் குதிரை இருக்கிறது, அவனுக்குச் சாமரம் வீசுகிறவள் இருக்கிறாள், கைகட்டி நிற்கிற ஜனங்களின் வரிசை இருக்கிறது. அதெல்லாம் அந்தக் காலத்து அரசியல்தானே. கைகட்டி நின்றால் கலை, உட்கார்ந்து கேள்வி கேட்டால் அபச்சாரமா? இதை அவரிடமே கேட்டேன். அவர் தன் கஜலட்சுமியை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகட்டும்.

கண் திறக்கிற அன்று அந்த அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். மற்ற எல்லாருக்கும் திறந்துவிட்டு, டோலியில் இருந்தவளுக்குக் கடைசியாகக் கருவிழி வைத்தேன். அம்மா பின்னால் நின்று பார்த்தாள். நான் தூரிகையைக் கழுவினேன்.

"இப்பதான் கேக்குது," என்றாள்.

எனக்கு என் வேலையில் அதுவரை கிடைத்த பாராட்டையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. போகும்போது இன்னொரு செய்தியும் சொன்னாள். சின்னவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மழைக்காலத்தில்தான் மாதம் நிறையும். "அதுக்குள்ள அந்தப் பாலத்தப் போட்டுட்டாங்கன்னா போதும்க்கா," என்றாள். "வேற எதுவும் நாங்க கேக்கல."

படத்துக்குச் சட்டம் போட ஃபிரேம் கடை பாயிடம் எடுத்துப்போனேன். என் எல்லாப் படத்துக்கும் தேக்குச் சட்டம் அடிப்பவர் அவர்தான். படத்தை மேஜையில் கிடத்திவிட்டு வெகுநேரம் தேடினார்.

"இன்னாம்மா இது, சாமியே காணோம்?"

"சாமி இல்ல பாய். மறியல்."

"நடுவுல வளைவு வெச்சிருக்கீங்க, தெரை வெச்சிருக்கீங்க. அந்த எடத்துல யாரு இருந்தாலும் ஜனங்க கும்புட்ருவாங்கம்மா. போன வருசம் ஒருத்தரு செத்துப்போன நாயி போட்டோவக் குடுத்து தஞ்சாவூர் சட்டம் போடச் சொன்னாரு. போட்டுக் குடுத்தேன். இப்ப அந்த வூட்ல வேல செய்யற அம்மா தெனம் அதுக்குப் பூ வெக்குதாம்."

நான் சிரித்துவிட்டேன். இந்தப் படத்தைப் பார்த்தால் எவனுக்காவது கும்பிடத் தோன்றுமா என்று அவரையே கேட்டேன். அவர் அளவு எடுக்க ஆரம்பித்தார்.

உள்ளூர்க் கலைஞர்களின் படங்களை ஒரு மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். நானும் இதை வைத்தேன். கீழே ஓர் அட்டையில் 'மலையிலிருந்து இறங்கிய டோலி' என்று எழுதி, நடந்ததையும் நாலு வரியில் எழுதி ஒட்டினேன். திறந்து வைக்க வந்தவர் அந்த அலுவலகத்தின் பெரிய அதிகாரி. இளைஞர், நிறையப் படித்தவர், நல்லவர் என்று ஊரில் பெயர். என் படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

"அருமைங்க. என்ன ஒரு நகாசு. இது எந்த ஊர்த் திருவிழா?"

"திருவிழா இல்லைங்க சார். உங்க ஆபீஸ் கேட்டுக்கு முன்னாடி நடந்த மறியல். கீழ எழுதியிருக்கேன்."

அவர் குனிந்து அட்டையைப் படித்தார். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு நிமிர்ந்து, "ரொம்ப பாசிட்டிவா பண்ணியிருக்கீங்க," என்றார். "பாலம் விஷயம் ப்ராசஸ்லதான் இருக்கு. இந்தப் படத்த நம்ம ஆபீஸ் ஹால்ல மாட்டலாமே. மக்கள் மனு குடுக்க வர்ற எடம். எல்லாரும் பார்ப்பாங்க."

பாசிட்டிவாம். ஒருத்தி கத்திக்கொண்டே சாகிறாள், அதில் என்ன பாசிட்டிவ் என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் தினமும் அவர் அந்த முகத்தைத் தாண்டித்தானே உள்ளே போகவேண்டும் என்று நினைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குப் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர், அதே ஒற்றை விரல் இன்ஸ்பெக்டர், துவாரபாலகரின் மீசையைத் தன் மீசையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். நான் அவரைத் திட்டி வரைந்திருந்தேன். அவர் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டு போனார்.

ஆயுத பூஜை கழிந்து சில நாள் ஆனதும் பாய் என் வீட்டுக்கு வந்தார். சாதாரணமாக வரமாட்டார். கடை லைசென்ஸ் விஷயமாக அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார்.

"யம்மா, உங்க படத்துக்குக் கற்பூரம் காட்டறாங்க."

"இன்னா பாய் சொல்றீங்க?"

"நீங்களே போய்ப் பாருங்க. நான் சட்டம் போட்டது படத்துக்கும்மா. சாமிக்கு இல்ல."

போய்ப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார்கள். கம்ப்யூட்டருக்கு, பீரோவுக்கு, ஜீப்புக்கு. அந்தக் கையோடு படத்துக்கும் வைத்திருக்கிறார்கள். டோலிப் பெண்ணின் நெற்றியில் அகலமான குங்குமம். தடுக்கத் தூக்கிய அம்மாவின் உள்ளங்கையில் சந்தனம். பெரிய சாமந்தி மாலை ஒன்று நடுவில் தொங்கி டோலியையும் போர்வையையும் முழுக்க மறைத்திருந்தது. மேலே சீரியல் பல்பு. என் அட்டை இருந்த இடத்தில் ஒரு சின்னப் பலகை அடித்து ஊதுபத்தி ஸ்டாண்டு வைத்திருந்தார்கள். அட்டையைக் காணவில்லை.

ஒரு எழுத்தரம்மா என் கண் முன்னாலேயே கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாய் தொறந்து இருக்கா பாருங்க, உக்கிரமான அம்மன். அந்தக் கை அபயம்," என்று எனக்கே விளக்கம் சொன்னார். "கேட்டதெல்லாம் நடக்குதுங்க. எனக்கு வந்த டிரான்ஸ்ஃபர் நின்னுபோச்சு."

டோலியில் கிடந்தவள் உயிரோடு இருந்தபோது ஒரு பாலம் கேட்டாள், நடக்கவில்லை. செத்த பிறகு அவளிடம் மனு கொடுக்கிறார்கள், அதெல்லாம் நடக்கிறதாம். அதுவும் எந்த மேஜையில் அவள் ஊரின் மனு தூங்குகிறதோ அந்த மேஜைக்காரர்கள்.

"இந்தப் படத்த நான் எடுத்துக்கினு போறேன்," என்றேன். மேலாளர் எழுந்து வந்தார். நல்ல தன்மையான மனிதர்.

"பூஜ பண்ண படத்த எறக்கக் கூடாதுங்கம்மா. ஆபீசுக்கு ஆகாது. நீங்களே சாமி படம் போடறவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"இது சாமி இல்லைங்க. இங்க வாசல்ல உக்காந்த ஜனங்க. நீங்க ஜன்னல்ல இருந்து பாத்தவங்க."

"அதெல்லாம் உங்க மனசுல நெனச்சிப் போட்டிருப்பீங்கம்மா. கண் தொறந்து வெளக்கு ஏத்திட்டா அப்புறம் அது சாமிதான்," என்றார் அவர். கிண்டல் இல்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மலைக்கு ஆள் அனுப்பி அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அடுத்த மனு நாளுக்கு வருவதாகப் பதில் வந்தது. திங்கள்கிழமை காலையில் அவளும் சின்னவளும் ஊர்க்காரர்கள் சிலரும் வந்து இறங்கினார்கள். சின்னவளுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. பாதிவழி நடந்து, மீதி ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் நின்றபடி வந்ததில் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மேகம் மலை மேல் கூடத் தொடங்கிவிட்டது என்று சொன்னார்கள்.

ஹாலில் நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. சின்னவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அது படம் மாட்டியிருந்த சுவர். அலுவலக உதவியாளர் வேகமாக வந்தார்.

"யம்மா, எழுந்துரு, எழுந்துரு. சாமி படத்துக்குக் கீழ குந்திக்கினு கால நீட்டற. பெரியவரு வர்ற நேரம்."

"எந்தச் சாமிங்க?" என்று அவள் கேட்டாள்.

"மேல பாரு."

அவள் தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள். மாலை, குங்குமம், சீரியல் பல்பு எல்லாவற்றையும் பார்த்தாள்.

"அது எங்க அக்காங்க."

அவர் அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். இரண்டும் ஒரே முகம், குருடனுக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்து அவர் குரல் இறங்கித்தான் வந்தது.

"சரி, இருக்கட்டும். கால மடக்கிக்க."

நான் கத்திவிட்டேன். அவளால் காலை மடக்க முடியாது, எந்தச் சாமி வந்தாலும் மடக்க முடியாது, வேண்டுமானால் உங்கள் படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டிக்கொள்ளுங்கள் என்றெல்லாம் என்னென்னவோ சொன்னேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. அந்தக் கூச்சலில்தான் பெரிய அதிகாரி உள்ளே வந்தார். எதையும் கவனிக்காமல், தினம் செய்கிற பழக்கத்தில், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நேராகப் படத்துக்கு எதிரே வந்து நின்றார். கைகூப்பினார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் கண் திறந்தபோது படத்துக்கும் அவருக்கும் நடுவில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். மகளின் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் எழுந்து வந்திருந்தாள். கூப்பிய கை அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

அவர் கையை இறக்கிவிட்டார்.

நான் அதைப் பார்த்தேன். யாரோ தெரியாமல் சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வது போல இறக்கினார். ஒரு விநாடிக்கு முன் அவள் மகளுக்குக் கூப்பிய கை. பெற்றவள் நின்றதும் அது பாக்கெட்டுக்குப் போய்விட்டது.

"மனுவ அந்தக் கவுன்டர்ல குடுங்கம்மா," என்றார்.

"குடுத்துக்கினுதான் இருக்கறோம் சார்," என்றாள் அவள். பிறகு திரும்பி, எக்கி, அந்தச் சாமந்தி மாலையை ஆணியோடு பிடித்து இழுத்தாள். எழுத்தரம்மா ஐயோ என்றார். மாலை ஊதுபத்தி ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டு தரையில் விழுந்தது. போர்வையின் நீலக் கோடும் காவிக் கோடும் வெளியே தெரிந்தன. மூங்கில் தெரிந்தது. அதற்குள் வாய் திறந்து கிடந்தவள் தெரிந்தாள்.

"கும்புட வேணாம் சார். பாருங்க."

அவர் பார்த்தார். கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்த அதே முகத்தையும், அவள் வயிற்றையும் பார்த்தார். உதவியாளர் மாலையை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். "சீக்கிரம் பாக்கறோம்மா," என்று சொல்லிவிட்டு அதிகாரி அறைக்குள் போனார். கதவு தானாகவே மெல்லச் சாத்திக்கொண்டது.

ஓடையை அளக்க ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். இரண்டு கரையிலும் ஒவ்வொரு கல்லில் சிவப்பு வண்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. என் படம் இன்னும் அந்த ஹாலில்தான் இருக்கிறது. மாலை மட்டும் திரும்ப ஏறவில்லை என்று பாய் சொல்கிறார். பயமா வெட்கமா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதை வைத்து ஓடையைத் தாண்ட முடியாது.

வெள்ளம் பெருகுவதற்கு முன்பே சின்னவளை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அவளால் நடக்க முடியவில்லை. அதே மூங்கில், அதே போர்வை. ஓடையில் அக்கா கிடந்த இடத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டதாகச் சொன்னாள். இப்போது என் வேலையறையில், பாதி முடிந்த கிருஷ்ணனுக்குப் பக்கத்தில், பாயில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள்.

அவள் அம்மா அந்தப் போர்வையை நன்றாகச் சோப்புப் போட்டுத் துவைத்து என் மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறாள். மழைக்கு மழை ஓடிப்போய் எடுத்துவிட்டு, வெயில் வந்ததும் மறுபடி விரிக்கிறாள். புதுப் போர்வை ஒன்று தருகிறேன், இதைத் தூக்கிப் போடேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம்க்கா, இது கெட்டி," என்றாள். "புள்ளைய எடுத்துக்கினு திரும்பிப் போவணும் இல்ல."